கார்னருக்கு அடுத்த கை

எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாக் கபடி என்றால், நடுவர் விசில் ஊதுவதற்கு முன்னால் பூசாரி வர வேண்டும். ஊர் அணியின் ஏழு பேரும் கோட்டில் வரிசையாக நிற்பார்கள். பூசாரி தட்டோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து ஒவ்வொருவர் நெற்றியிலும் திருநீறு பூசிவிடுவார். அது முடிந்தால்தான் ஆட்டம். விதிப் புத்தகம் எதிலும் இல்லாத இந்த விதியை மீறி எங்கள் மைதானத்தில் ஓர் ஆட்டம் தொடங்கி நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் ஏழு பேரில் ஒருவன் மட்டும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து முழங்காலில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருப்பான். ஏற்கெனவே சுற்றியதுதான். பூசாரி கோயில் வாசலில் தட்டை எடுக்கும்போதே அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பிப்பான். தலை நிமிராது. பூசாரியும் அந்த இடைவெளியைத் தாண்டி அடுத்த நெற்றிக்குப் போய்விடுவார். தட்டு திரும்பியதும் அவன் எழுந்து வந்து தன் இடத்தில் நிற்பான். அவன் கோட்டைப்பட்டினத்தில் கடலுக்குப் போகும் முஸ்லிம் குடும்பத்துப் பையன். படிப்புக்காகக் கீரமங்கலம் பக்கம் வந்து விடுதியில் தங்கியவன், எங்கள் ஊர் அணியிலேயே ஆடி ஆளானான். ஊரில் அவனுக்குப் பட்டினத்துக்காரன் என்றே பெயர்.

ஜெயித்தால் இன்னொன்று நடக்கும். அவன் மைக் மேசைக்குப் பின்னால் வந்து மண்ணில் நெற்றி வைத்து எழுவான். அப்போது அணியில் ஓரத்தில் நின்று ஆடும் எங்கள் கார்னர்காரன் மேசையருகே வந்து நின்று, ஒரு பெரிய துண்டை விரித்து வியர்வை துடைப்பது போல மறைத்துக்கொள்வான். மைக் என் கையில் இருக்கும். அடுத்த ஆட்டத்துக்கான அணிகளை நான் சத்தமாக வாசிக்கத் தொடங்குவேன். கூட்டத்தின் கவனம் அறிவிப்பின் மேல் போய்விடும். இதை யாரும் உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்யவில்லை. ஒரே ஒரு முறை, உரக்கடை வைத்திருக்கும் விழாக் குழுச் செயலாளர், "கோயில் எடத்துல இது என்னப்பா புதுசா?" என்று கேட்டார். "வேர்வை தொடைக்கிறாண்ணே" என்றான் கார்னர்காரன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை எனக்கு. திருவிழாக் காலத்தில் மைக் பிடிப்பதும், ஆட்ட விவரங்களை எழுதி வைப்பதும் நானாக எடுத்துக்கொண்ட வேலை. நாள், கிழமை, எதிரணி, மழை வந்ததா, யாருக்கு எங்கே அடி பட்டது என்று எல்லாமே எழுதுவேன். இந்தக் கட்டுரையில் மட்டும் தேதிகளை விட்டுவிடுகிறேன். தேதி தெரிந்தால் ஆளைத் தெரிந்துவிடும். பொதுவான இரண்டை மட்டும் சொல்கிறேன். ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பரில். கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்தது அதே ஆண்டு நவம்பரில். புயலைப் பற்றி எங்கள் ஊரில் இன்றும் பேசுகிறார்கள். தீர்ப்பைப் பற்றி அன்று ஒருவர்கூடப் பேசியதாக எனக்கு நினைவில்லை. இப்போதைய மைதானமே புயலில் போன ஒரு தோப்பு இருந்த இடம்தான்.

கபடி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எதிரணியிலிருந்து ஒருவன் பாடி வரும்போது, பிடிக்க நிற்கிற ஏழு பேரும் பக்கத்தில் இருப்பவனோடு கைகோர்த்து நிற்பார்கள். ஓரத்தில் நிற்பவன் கார்னர். அவனுக்கு ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் ஒரே ஒரு ஆள். வந்தவன் காலை வாரிப் பிடிப்பது கார்னரின் வேலை. அப்படிப் பாய்கிறவனுக்குப் பின்னால் உடனே விழுந்து அமுக்க வேண்டியது அடுத்து நிற்பவனின் வேலை. அந்த ஒரு கையை நம்பித்தான் கார்னர் பாய்கிறான். எங்கள் கார்னர்காரனுக்கு அடுத்து நின்றவன் பட்டினத்துக்காரன். ஒருவன் மற்றவன் விரலை அமுக்குவதிலேயே "இரு", "போ" என்று பேசிக்கொள்வார்கள். அன்னவாசல் பக்கம் ஒரு போட்டியில் எதிரணிப் பயிற்சியாளர் என்னிடம் வந்து, "அந்த ரெண்டு பேரையும் பிரிச்சு நிப்பாட்டுனாதான் நாங்க ஜெயிக்க முடியும்" என்று சொன்னார். தொலைக்காட்சியில் வரும் தொழில்முறைப் போட்டிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தே எடுத்தார்கள். வடக்கே ஒரு பெரிய நகரத்து அணி.

கார்னர்காரன் தன் விஷயத்தை என்னிடம் சொன்னது அதற்கும் முந்திய வருடம், புதுக்கோட்டையிலிருந்து திரும்பும் பேருந்தில். வீட்டில் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலங்குடி தாண்டியதும், "அண்ணே, எனக்கு இந்தப் பொண்ணு வேணாம்ணே" என்றான்.

"வேற எடத்துல பாக்கச் சொல்றது."

"எந்தப் பொண்ணுமே வேணாம்ணே. நான் அப்புடி இல்ல. புரியுதாண்ணே?"

புரிந்தது. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"பட்டினத்தானுக்குத் தெரியும்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சுப் போயித் தொழுதுட்டு வந்தான். வாடா மாப்ள, சாப்புடப் போவோம்னு கூட்டிட்டுப் போயி பரோட்டா வாங்கிக் குடுத்தான். அவன் காசு குடுத்து நான் பாத்ததே அன்னைக்குத்தாண்ணே."

இரண்டு பேரும் சிரித்தோம்.

தொழில்முறை அணியில் சேர்ந்த இரண்டாம் பருவத்தில் ஒரு நாள், எல்லாத் தரப்பினரையும் வரவேற்கிறோம் என்று காட்டுவதற்காக, ஆட்டக்காரர்கள் அனைவரும் வானவில் நிறப் பட்டை ஒன்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. நல்ல எண்ணத்தில் செய்ததாகவே இருக்கலாம். ஆட்டத்தன்று காலையில்தான் ஆட்டக்காரர்களுக்குச் சொன்னார்கள். உடை மாற்றும் அறையில் நடந்ததைக் கார்னர்காரன் பின்னால் எனக்குச் சொன்னான்.

பட்டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்த பட்டினத்துக்காரன், "மாப்ள, இத நான் கட்ட முடியாதுடா" என்றிருக்கிறான். "மார்க்கத்துல இதுக்கு எடமில்ல. ஒன்னய எதுத்து இல்லடா. ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும். கட்டாத."

"வேற வம்பு வருமே."

"என்ன வம்பு? நம்மூர்ல என்ன பண்ணுவ? முழங்காலக் கட்டிக்கிட்டு ஒக்காரு. வரிசை கலைஞ்சதும் வா. எவன் பாக்கப்போறான்?"

யோசனை கார்னர்காரனுடையதுதான். எங்கள் ஊர் மைதானத்தில் அத்தனை வருடம் பலித்த வழி அது. அங்கே பார்க்காமல் இருப்பதற்கென்று ஒரு பூசாரியும், ஒரு செயலாளரும், மைக்கோடு நானும் இருந்தோம் என்பதை அவர்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அந்த அரங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கேமரா. அதில் ஒன்று, வரிசைக்கு வெளியே குனிந்து உட்கார்ந்திருந்தவனின் வெறும் மணிக்கட்டை நெருங்கிக் காட்டி, அங்கேயே நின்றது.

ஆட்டம் முடிவதற்குள் அந்தத் துண்டுக் காட்சி எல்லோர் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. ஒரு கூட்டம் அவனை அணியிலிருந்து நீக்கு என்றது. இன்னொரு கூட்டம், இத்தனை நாள் அவன் பெயரைக்கூடக் கேட்டிராத கூட்டம், அவனைத் தலையில் தூக்கி வைத்தது. நிர்வாகம் அவனிடம் விளக்கம் கேட்டது. மறுநாள் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியின் ஆள் கார்னர்காரனை மடக்கி, "இந்த மாதிரி ஆள டீம்ல வச்சிருக்கலாமா?" என்று கேட்டார். கார்னர்காரன் அதற்குச் சொன்ன பதிலை நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

"அந்தக் கயிறு யாருக்காகக் கட்டச் சொன்னாங்களோ, அந்த ஆளு நான்தான் சார். எனக்கே அவன் மேல வருத்தம் இல்ல. நாளைக்கும் அவன் கையப் புடிச்சுத்தான் நிப்பேன். ஒங்களுக்கு என்ன சார்?"

நண்பன் அணியில் தப்பினான். சொன்னவன் ஊரில் மாட்டினான்.

கார்னர்காரனின் அம்மா பூ பறிக்கப் போகிறவர். விடியும் முன்னே மல்லிகைக் கொல்லைக்குப் போய், பறித்ததைக் கீரமங்கலம் பூ மண்டியில் போட்டுவிட்டு வீடு திரும்புவார். பட்டை கட்டிய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மகனுக்குப் போன் போட்டு, "என்னமோ காப்பு மாதிரி கட்டிருந்தியே, எந்தக் கோயிலுப்பா?" என்று கேட்டிருக்கிறார். பேட்டி வந்த மறுநாள் கொல்லையில் உடன் பறிக்கும் பெண்கள் அவருக்கு விளக்கிவிட்டார்கள். அவர் வரும் வரிசையில் யாரும் இறங்கவில்லை. மகனிடம் அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சாப்டியா?" என்பதை மட்டும் ஒரே பேச்சில் நாலு முறை கேட்டதாக அவன் சொன்னான்.

அணி நிர்வாகம் கார்னர்காரனின் படத்தை வானவில் பின்னணியில் போட்டு, பெருமைப்படுகிறோம் என்று வெளியிட்டது. அடுத்த பருவத்துக்கு அவனை எடுக்கவில்லை. பட்டினத்துக்காரனை எடுத்தார்கள். காரணம் இதுதான் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. அந்தப் பருவத்தில் கார்னர்காரனுக்குத் தோள் ஒரு முறை இறங்கியிருந்தது, வயதும் இருபத்தெட்டைத் தாண்டியிருந்தது. வேறு எந்த அணியும் எடுக்கவில்லை என்பதை மட்டும் எழுதலாம்.

பங்குனியில் ஊருக்கு வந்தான். எங்கள் அம்மன் கோயில் திருவிழா. "ஊர் டீம்ல ஆடணும்ணே" என்று என்னிடம் வந்தான். "எனக்காக இல்ல. என்னய ஒதுக்கிட்டாய்ங்கன்னா என்னப் பெத்த ஆத்தா கோயிலுக்குள்ள எப்புடிப் போகும்? கோட்டுல நின்னு துன்னூறு வாங்கிட்டேன்னா போதும். அப்பறம் எவனும் வாயத் தொறக்க முடியாது."

அவன் கணக்கு சரிதான். எங்கள் ஊரில் அந்தத் தட்டு யார் நெற்றிக்கு வருகிறதோ அவன் ஊரான்.

மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் செயலாளரைப் பிடித்தேன். மைதான வாசலில் அவர் செலவில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் நின்றது. அதில் பட்டினத்துக்காரன் கைகட்டி நிற்கும் படம், கீழே "கொள்கை மாறாத எங்கள் சிங்கமே வருக". அவன் மண்ணில் நெற்றி வைத்ததற்கு, இது என்ன புதுசா என்று கேட்டவர் இவர்தான்.

"நான் என்னத்தம்பி சொல்லப்போறேன்? சட்டமே சொல்லிருச்சு. பயலுகதான் அவன் கையக் கோக்க மாட்டேங்குறானுக" என்றார் செயலாளர்.

"அவன் கார்னருண்ணே. ஒரு பக்கந்தான் கை கோக்கணும்."

"அந்தப் பக்கம் யாரு?"

"பட்டினத்தான்."

அவர் டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப என்ன? அவர் கையி, அவர் பாடு. ஆடச் சொல்லு." கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

பட்டினத்துக்காரன் ஆட்டத்தன்று மதியம் வந்தான். தனியாக வரவில்லை. அவனுக்கு ரமலான் கழிந்ததும் நிக்காஹ் என்று நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அண்ணன்கள் இரண்டு பேர் ஆட்டம் பார்க்கவென்று கூடவே வந்திருந்தார்கள். "அவன் கையப் புடிச்சுத்தான் நிப்பேன்" என்று கார்னர்காரன் தொலைக்காட்சியில் சொன்னது அவர்கள் வீட்டிலும் ஓடியிருந்தது. அவர்கள் முன் வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கார்னர்காரன் ஓடி வந்து, "மாப்ள" என்றான். இவன், "ம், வந்துட்டியா" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினான்.

நாலு மணிக்கு ஆட்டம். பூசாரி தட்டோடு கோயில் வாசலில் இறங்கினார். வழக்கம்போலப் பட்டினத்துக்காரன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கட்டுத்துணியை அவிழ்த்தான். ஆறு பேர் நின்றார்கள். கார்னர்காரன் கடைசி. சட்டையெல்லாம் நனைந்திருந்தது, ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. கூட்டத்தில் பெண்கள் பக்கம் அவன் அம்மா ஒரு வேப்பமரத்தை ஒட்டி நின்றார்.

ஐந்து நெற்றிகளுக்குப் பூசிவிட்டுப் பூசாரி வந்தார். கார்னர்காரன் கண்ணை மூடி நெற்றியை நீட்டினான். பூசாரி ஒரு கணம் நின்றார். பிறகு, காலியான இடத்தைத் தாண்டிப் போவாரே, அதே நடையில் தாண்டிப் போனார். முகத்தில் கோபமோ அருவருப்போ இல்லை. ஆள் இல்லாத இடத்தைப் பார்க்கிற முகம். அத்தனை வருடமாக அவர் பட்டினத்துக்காரனுக்குச் செய்த மரியாதையும் அதே நடைதான். கார்னர்காரன் கண்ணை மூடியபடியே கொஞ்ச நேரம் நின்றான். யாரோ விசிலடித்த பிறகுதான் திறந்தான்.

பட்டினத்துக்காரன் தலை நிமிரவில்லை. கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

ஆட்டம் தொடங்கியது. மைக் மேசை எங்கள் அணியின் இடது கார்னருக்கு நேரே இருந்ததால் அந்த இரண்டு கைகளையும் நான் பார்க்கும்படியாகிவிட்டது. முதல் முறை எதிரணிக்காரன் பாடி வந்தபோது விரலோடு விரல் கோர்த்துத்தான் நின்றார்கள். பிடித்தும் விட்டார்கள். கூட்டம் கத்தியது. அந்தக் கத்தலுக்குள்ளேயே ஒரு குரல் வந்தது: "ஏ பாய், போதும் கைய விடுங்க, பத்திரிகை அடிச்சிறப் போறாய்ங்க!"

"மாலை ரெண்டா ஒண்ணா, செயலாளரக் கேளு!"

"ஏப்பா கார்னரு, சித்த அங்கிட்டுத் தள்ளி நில்லு, பாய்க்குக் கூசுதாம்ல!"

சிரிப்பு. பெண்ணின் அண்ணன்கள் சிரிக்கவில்லை. ஒருவர் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார்.

அடுத்த முறை பட்டினத்துக்காரன் விரலைக் கோர்க்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்தான். அதற்கடுத்து மணிக்கட்டும் இல்லை, கார்னர்காரனின் சட்டைக் கையை இரண்டு விரலால் பற்றியிருந்தான். சட்டையின் வழியாக "இரு" என்றும் சொல்ல முடியாது, "போ" என்றும் சொல்ல முடியாது. கார்னர்காரன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "புடிடா மாப்ள" என்று அவன் உதடு சொன்னது எனக்குத் தெரிந்தது. பட்டினத்துக்காரன் எதிரே பாடி வருகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளைக்குச் சற்று முன் எதிரணியின் பெரிய ஆள் ஏறி வந்தான். கனத்த உடம்பு, மணமேல்குடிப் பக்கத்து ஆள். இடது பக்கம் சாய்ந்து கார்னரைச் சீண்டினான். கார்னர்காரன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். சரியான பிடி. பின்னால் விழ வேண்டிய கை விழவில்லை. பட்டினத்துக்காரன் அரை அடி முன்னால் வந்தான், பிறகு நின்றுவிட்டான். அந்த ஆள் பிடித்தவனோடு சேர்த்தே காலை இழுத்துக்கொண்டு நடுக்கோடு வரை போனான். கார்னர்காரன் விடவில்லை. கோட்டைத் தொடும் இடத்தில் தோள் இறங்கியது. அந்தச் சத்தத்தை மேசையில் இருந்த நான் கேட்டேன்.

அவனைத் தூக்க முதலில் ஓடியவர்கள் எதிரணிக்காரர்கள். எங்கள் ஆட்கள் சுற்றி நின்றார்கள். அவன் அம்மா மைதானத்துக்குள் வந்துவிட்டார். பெண்கள் மைதானக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அன்று யாரும் தடுக்கவில்லை, யாரும் கிட்டேயும் வரவில்லை. அவர் மகனின் தோளைத் தொடப் பயந்து தலையை மட்டும் பிடித்துக்கொண்டு, "எந்திரிப்பா, போவோம். எந்திரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எதிரணிக்காரர்கள் கொண்டுவந்த ஆட்டோவில் ஏற்றினோம். ஏறும்போது அவன் என்னைப் பார்த்து, "பாயிண்டு பாடி வந்தவனுக்குத்தானேண்ணே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

வேறொருவனைக் கார்னரில் நிறுத்தி ஆடினோம். ஜெயித்தோம். அந்த ஆட்டத்தைப் பற்றி என் குறிப்பில் இருப்பது அவ்வளவுதான்.

விசில் ஊதியதும் பட்டினத்துக்காரன் பழக்கத்தில் மேசைக்குப் பின்னால் வந்துவிட்டான். வந்தபிறகுதான் பார்த்தான், பின்னாலேயே ஐம்பது பேர். கைப்பேசிகள் எல்லாம் மேலே. செயலாளர் முன்னால் நின்று கையை ஆட்டினார். "தள்ளுங்கப்பா, தள்ளுங்க! பாய் தொழுவட்டும். நல்லா வெளிச்சத்துல எடுங்க. எங்க ஊர்ல எப்புடி இருக்கோம்னு நாடு பாக்கட்டும்!"

கார்னர்காரனின் துண்டு என் நாற்காலியின் முதுகில் கிடந்தது. பட்டினத்துக்காரன் அந்தத் துண்டைப் பார்த்தான். குனியவில்லை. மண்ணில் உட்கார்ந்து முழங்கால் கட்டை அவிழ்த்தான். "கட்டிட்டுத் தொழுங்க பாய், அவசரமில்ல" என்றது ஒரு குரல். அவன் திரும்பக் கட்டவில்லை. துணியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, கேடயம் வாங்க நிற்காமல், பெண்ணின் அண்ணன்களைத் தாண்டிப் பேருந்து நிற்கும் பக்கம் போனான். அண்ணன்கள் வேகமாகப் பின்னால் போனார்கள்.

நிக்காஹ் நடந்தது. அவன் இன்றும் தொலைக்காட்சியில் ஆடுகிறான். எங்கள் மைதானத்துக்கு அதன்பிறகு வந்ததில்லை. கார்னர்காரன் தோளில் அறுவை சிகிச்சை முடித்துக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டான். எங்கே, என்ன வேலை என்பதை எழுத மாட்டேன்.

இந்த வருடத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள் வந்தது. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரைவிட்டு யாரும் வெளியூர் தங்கக் கூடாது. அதற்கு முந்தின நாள் காலையில் அவன் அம்மாவைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். கையில் துணிப்பை. மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். "நாளைக்குக் காப்புக் கட்டு ஆச்சேத்தா" என்றேன்.

"அதான்ய்யா, இன்னைக்கே போறேன்" என்றார். "கட்டுனதுக்கப்பறம் போனா ஊருக்குக் கொறன்னு சொல்லுவாக. நம்மளால எதுக்கு?"

ஆட்டம் முடிந்த மறுநாள் கார்னர்காரன் போனில் கூப்பிட்டான். ஒவ்வொரு வருடமும் கூப்பிடுகிறான்.

"கார்னர்ல யாருண்ணே நின்னது?"

சொன்னேன். புதுப் பையன், கால் வேகம் உண்டு, பாயத் தயங்குகிறான் என்றேன்.

"பக்கத்துல யாரு?"

அதையும் சொன்னேன். அவன் இருந்த இடத்தில் லாரி ஒன்று பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது.

"பட்டினத்தான் வந்தானா?"

"வரல."

"சரிண்ணே. வைக்கிறேன்" என்றான்.